புளி மண்டி மாடியில்

சாவியைக் கழற்ற மறந்து
குப்புறப் படுத்துவிட்டேன்.
உடற்கூறு அறைச் சாவி
இடுப்பெலும்பின் முன்முனையில் உட்கார்ந்து குத்துகிறது.
அந்த முனைக்கு நீளமாய் ஒரு லத்தீன் பெயர்;
பதினெட்டு வருஷமாய்ப் பிள்ளைகள் ஒப்பிக்கக் கேட்டதில்
காதுக்கு மனப்பாடம். வாயில்தான் நிற்காது.

தருமபுரி, காலை ஐந்தேமுக்கால்.
கீழே பாப்பாரப்பட்டிப் புளி மூட்டைகள்,
மேலே பதினோரு பாய்கள்.
இழுக்கும் மூச்சிலெல்லாம் கொஞ்சம் புளிப்பு.

"புஜங்காசனம். மூச்சை வயித்துக்கு அனுப்புங்க."
தில்ஷாத் டீச்சருக்கு
மைதானத்தில் விசில் ஊதிப் பழகிய குரல்.

வயிற்றுக்கு மூச்சு போவதில்லை, டீச்சர்.
போவது ஒரு தள்ளு.
உதரவிதானத்தைக் கையில் ஏந்தியிருக்கிறேன்:
நடுவில் வெளுத்த நார்,
சுற்றிலும் விசிறியாய்த் தசை,
கல்லீரல்மேல் கவிழ்த்த குடை.
மூச்சிழுத்தால் குடை தாழும்.
கல்லீரல் ஒதுங்கும், இரைப்பை ஒதுங்கும்,
பென்னாகரம் கடைசி பஸ்ஸில் போல
குடல் ஒண்டிக்கொள்ளும்.
வயிறு உப்புவது அந்த நெரிசலில்.
இப்போது கீழே தரை இடம் விடாததால்
தள்ளு முதுகுக்குத் திரும்புகிறது.
பின்விலாக்கள் விரிய,
பாம்பு தானாக அரைவிரல் எழும்புகிறது.

இதை யாரிடமும் சொல்வதில்லை.
பக்கத்துப் பாய்க்காரர், வளையல் கடை குப்பராஜ்,
என்ன வேலை என்று கேட்டபோது
"காலேஜ்ல" என்றேன்.
எந்த சப்ஜெக்ட் என்றார்.

பச்சிமோத்தானம்.
கால் நீட்டி, முன்னால் மடிந்து,
கட்டைவிரலுக்கும் எனக்கும் நடுவே
ஒரு சாண் தருமபுரி மாவட்டம்.
மூச்சை விட்டால் குடை மேலேறி
வயிற்றில் இடம் பிறக்கிறது;
அந்த இடத்துக்குள் மடிகிறேன்.
அதற்குமேல் பின்தொடை விடுவதில்லை.

குடைக்கு இரண்டு கால்கள் உண்டு,
இடுப்பு முதுகெலும்பைப் பற்றி இறங்கும்.
அதே எலும்புகளிலிருந்துதான்
தொடையைத் தூக்கும் தசையும் புறப்படும்.
மூச்சும் நடையும் ஒரே சுவருக்கு
இந்தப்பக்கம் அந்தப்பக்கம் குடியிருக்கின்றன.
மாடி ஏறினால் ஏன் இரைக்கிறது என்று
நான் டாக்டரைக் கேட்கவில்லை.

ஒன்பதாம் மேஜைக்காரரை நினைத்துக்கொள்கிறேன்.
ஜெகதேவிப் பக்கம் கல் குவாரியில்
துளை போடும் மிஷின் பிடித்தவராம்.
உடல் கேட்டு யாரும் வரவில்லை.
நெஞ்சைத் திறந்த பிள்ளையின் கத்தி
நறநறவென்றது.
பேராசிரியர் ஒரு துண்டை நீரில் போட்டார்.
மிதக்க வேண்டிய நுரையீரல்
கருங்கல் ஜல்லி போல அடியில் போய் நின்றது.
அன்று பிள்ளைகள் யாரும் பேசவில்லை.
வாளியை நான்தான் கழுவினேன்.

"சவாசனம். பிணம் மாதிரி கிடங்க."
சிரித்துவிட்டேன்.
எல்லோரும் கண் திறந்து பார்த்தார்கள்.

மன்னிக்கணும், டீச்சர்.
பிணத்துக்கு இது வராது.
தோளைத் தளர்த்தச் சொன்னால் தளர்த்தாது.
உள்ளங்கையை மேலே பார்க்க வைக்க
நான் இரண்டு கைகளாலும் திருப்ப வேண்டும்.

"முழுசா விடுங்க, மிச்சம் வைக்காம."
விடுகிறேன்.
ஆனாலும் உள்ளே ஒரு சொம்பளவு நிற்கும்;
எவ்வளவு ஊதினாலும் வெளியே வராத காற்று,
நுரையீரல் ஒட்டிப்போகாமல் முட்டுக் கொடுப்பது.
நேற்றையதும் அதில் இருக்குமா தெரியாது.
அந்த ஆளுக்கு
அந்தச் சொம்பிலும் தூசியே நிரம்பியிருக்கும்.

கீழே ஷட்டர் தூக்குகிறார்கள்.
யாரோ புளித்தூசிக்குத் தும்முகிறார்கள்,
இரண்டு முறை, கட்டடம் அதிர.
தும்மலுக்கு முன் அவர் இழுத்த பெருமூச்சு
எனக்கு இங்கே கேட்டது.

"இருசப்பண்ணா, தூங்கிட்டீங்களா?"
இல்லம்மா.
ஏழு நாற்பது பஸ். எட்டரைக்கு அறை திறக்கணும்.
இடுப்பில் சாவி அச்சு சிவந்திருக்கிறது.
தேய்த்தேன்; ரத்தம் திரும்பி வந்தது.
பாயைச் சுருட்டும்போது
மூச்சை அடக்கியிருந்தேன் போல.
விட்டேன்.